நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்

"நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டுக் குடுங்க அம்மணி. எத்தனை நாளாகும்?"

தனக்கொடி தலையைத் தூக்கவில்லை. பிரேக் ஷூவின் வளைந்த முதுகில் புது லைனிங்கை வைத்து ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்ணா?"

"மலைக்குத்தான்."

"ஏறுறதுக்கா?"

"ஏறுறதுக்கு எதுக்குங்க பிரேக்? இறங்குறதுக்கு."

"சரி. உக்காருங்க."

செம்மலை உட்காரவில்லை. வண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினார். பட்டறை வாசல் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

கொல்லிமலை அடிவாரத்தில், சாலை மேலே ஏறத் தொடங்குவதற்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பிரேக் வேலை மட்டும். தனக்கொடிக்கு நாற்பத்தோரு வயது. பதினெட்டு வருடமாக இதே வேலை. டிரைவர்களிடம் அதிகம் விசாரிப்பதில்லை. அவர்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய லைனிங்கைக் கையில் வாங்கிப் பார்ப்பார். அவர் சொன்னதைக் கேட்காமல் போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். கேட்டவர்கள் வரவேண்டிய தேவை இல்லாமல் போனது. பட்டறை வளராததற்கு இதுதான் காரணம் என்று அவருடைய கணவர் சொல்வதுண்டு.

செம்மலைக்கு ஐம்பத்து மூன்று. மலை மேல் வீடு. பத்தொன்பது வருடப் பழைய பிக்கப் வைத்திருக்கிறார். மிளகு, பலா, அன்னாசி, வாழைத்தார் என்று அந்தந்த மாதம் விளைவதை இறக்குவார். மலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்களை அடிவாரத்திலிருந்து போட்டிருக்கிறார்கள். இறங்குகிறவர்களுக்கு எழுபதில் தொடங்கி ஒன்றில் முடியும்.

"இருக்கற பிரேக்குக்கு என்னாச்சு?" என்றார் தனக்கொடி.

"போயிருச்சு. முப்பத்தெட்டாவது வளைவுல. மிதிச்சா பெடலு அடித்தட்டு வரைக்கும் போகுது, ஒண்ணும் புடிக்கல. மலைப் பக்கமா ஒடிச்சு, செவுத்துல தேச்சு நிறுத்தினேன்."

"யாருக்காவது…"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நாலு தாரு நசுங்குச்சு. பக்கத்துல என் சம்சாரம் இருந்தா. அத்தாயி. அவளுக்கு ஒரு கீறல் இல்ல."

சாவி சுற்றுவது நின்றது.

"எறங்குனா. கூடையை எடுத்துக்கிட்டா. அடுத்த வளைவு வரைக்கும் நடந்து போயி, பஸ்ஸை நிறுத்தி ஏறிட்டா. அதோட சரி. இருபத்தி ரெண்டு நாளாச்சு. என் வண்டியில ஏற மாட்டேங்கிறா. சந்தைக்கு நானும் போறேன், அவளும் வரா. நான் வண்டியில முன்னாடி. அவ பஸ்ஸுல பின்னாடி."

"பேச்சு வார்த்தை?"

"அதெல்லாம் இருக்கு. சோறு போடறா, சண்டை போடறா. வண்டியைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நானே எடுத்தாலும் எழுந்து போயிடறா."

"ம்."

"அவ என் வண்டியில ஏறணும் அம்மணி. அதுக்கு என்ன பிரேக் வேணுமோ அதைப் போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

தனக்கொடி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குச் சாயங்காலம் பெடலை மிதிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கல்லாட்டம் இருந்துச்சு."

"நடுவுல யாராச்சும் சரி பண்ணினாங்களா?"

"இல்ல."

"அப்ப போன பிரேக்கு எப்படிங்ணா திரும்பி வந்துச்சு?"

செம்மலை சாவியை மறுபடியும் சுற்றத் தொடங்கினார்.

தனக்கொடி ஜாக்கி வைத்து முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினார். லைனிங் உரசும் இரும்பு டிரம்மை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தது.

"இது என்ன நிறம்?"

"நீலம்."

"புதுசா வாங்குறப்ப?"

"இரும்பு நிறம்."

லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. தனக்கொடி அதை நகத்தால் சுரண்டினார். ஒரு பொடி உதிரவில்லை.

"எந்த கியர்ல இறங்குவீங்க?"

"செகண்டு."

பதில் சீக்கிரம் வந்தது. தனக்கொடி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டிரம்மைப் பார்த்தார்.

"செகண்டாம்" என்று டிரம்மிடம் சொன்னார்.

மலை டிரைவர்கள் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் அடங்கி முனகும். வண்டி தன் எடையிலேயே கீழே போகும். டீசல் மிச்சம். இதை மிதக்க விடுவது என்பார்கள். எத்தனை வளைவு மிதந்தார்கள் என்பதைப் பற்றி டீக்கடையில் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில் செம்மலையின் பெயர் முதலில் வரும்.

கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்த வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறும், டிரம் நீலம் பாயும். ஆயில் கொதிக்கும். ஒரு கட்டத்தில் பெடல் காலுக்குக் கீழே காணாமல் போகும். ஆறினால் திரும்பி வரும். எல்லா டிரைவர்களுக்கும் இது தெரியும். அடுத்தவர் வண்டி கவிழ்ந்தால் விளக்கமாகச் சொல்வார்கள்.

"லைனிங் மாத்தறேன். ஆயில் மாத்தறேன். டிரம்மை லேத்துல கடைஞ்சு தரேன். பழைய வண்டி, இதுக்கு இது போதும்" என்றார் தனக்கொடி.

"டிஸ்க்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, போடறேன்."

"என்ன கேட்டீங்க?"

"போன பிரேக்கு எப்படித் திரும்பி வந்துச்சு?"

செம்மலை சக்கரத்தை மாட்டச் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

கேள்வி கேட்காத பட்டறை ஒன்று நாமக்கல்லில் கிடைத்தது. அங்கே விபத்தில் நொறுங்கிய ஒரு புது பிக்கப்பிலிருந்து கழற்றிய சாமான்களைக் கொண்டு முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் போட்டார்கள். மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரையும் பெரிதாக மாற்றினார்கள். பின்சக்கரத்துக்குச் சாமான் கிடைக்கவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

ஆறாவது நாள் காலை செம்மலை மலையிலிருந்து நேராகத் தனக்கொடியின் பட்டறைக்கு வந்தார். வாசலில் சர்ரென்று நிறுத்தினார். புழுதி உள்ளே வந்தது.

"பாத்தீங்களா? தொட்டா நிக்குது!"

"பாத்தேன். சம்சாரம் ஏறினாங்களா?"

செம்மலை இறங்கிக் கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை என்று திறந்து மறுபடியும் சாத்தினார்.

"இல்ல."

"காட்டினீங்களா, புது பிரேக்கை?"

"வீட்டு வாசல்லயே ஓட்டிக் காமிச்சேன். வேகமா வந்து ஒரே மிதி. கோழிக்கு ஒரு அடி முன்னாடி நின்னுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"கோழியைப் பயமுறுத்தாதீங்கன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா."

எதிரே டீக்கடை. கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்னங்க செம்மலை, தினமும் நீங்க முன்னாடி வரீங்க, வீட்டம்மா பஸ்ஸுல பின்னாடி வராங்க. பந்தயமா? எப்ப பாத்தாலும் நீங்கதான் ஜெயிக்கிறீங்க."

"உன் டீயைப் பாருய்யா. பொங்குது" என்றார் செம்மலை.

பிறகு தனக்கொடியிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? முன்னைக்கு இப்ப பன்னெண்டு நிமிஷம் சீக்கிரம் இறங்கறேன். பிரேக் நல்லா இருந்தா தைரியமா விடலாம் இல்லீங்களா?"

"அந்தப் பன்னெண்டு நிமிஷத்தை என்ன பண்ணினீங்க?"

"டீ குடிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"எங்க குடிச்சேன்? பாதியில வெச்சுட்டேன். பஸ் வருதான்னு பாத்துட்டு நின்னேன்."

தனக்கொடி ஒரு குவளையில் தண்ணீர் மொண்டார். குனிந்து, முன்சக்கரத்தின் இடுக்கு வழியே டிஸ்க்கின் மேல் ஊற்றினார்.

தோசைக்கல்லில் விழுந்ததுபோல் அது சீறியது. ஆவி சக்கரத்தைச் சுற்றி எழுந்தது.

இருவரும் அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புது டிஸ்க்கு. அப்படித்தான் இருக்கும்" என்றார் செம்மலை.

"அப்படிங்களா?"

"பின்னாடிக்கும் போட்டுட்டா இந்தச் சூடு வராது. அதுக்குத்தான் வந்தேன். சாமான் எப்படியாவது புடிச்சுக் குடுங்க."

தனக்கொடி குவளையைக் கவிழ்த்து வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ரிவிட் அடிக்கத் தொடங்கினார். செம்மலை அவருக்கு முன்னால் நடந்தார். நான்கு எட்டு இந்தப் பக்கம், நான்கு எட்டு அந்தப் பக்கம்.

"உங்களுக்கு ஒரு கொடுமை தெரியுமா? நேத்து அவ இறங்குவா, கூடையை வாங்கி வண்டியில போட்டுக்கலாம்னு இங்க நிக்கிறேன். பஸ் வருது. ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டிருக்கா. வாயைப் பொளந்துக்கிட்டு! பஸ் அப்படியே நாமக்கல்லு போயிருச்சு."

"தூங்கினாங்களா?"

"என் வண்டியில பத்தொம்பது வருஷம், ஒரு நாள் அவ கண்ணை மூடுனதில்ல."

சுத்தியல் நின்றது.

"அந்த பஸ்ஸுக்கு என்ன பிரேக்குங்ணா?"

"அதுக்கு? டிரம்முதான்."

"புது வண்டியா?"

"எங்க புதுசு? மழை பெஞ்சா உள்ள குடை புடிக்கணும்."

"ம்."

செம்மலை யோசித்தார். அவர் முகம் தெளிந்தது.

"ஆனா அது காத்து பிரேக்கு. ஆமாம்ல? அப்ப எனக்கும் காத்து பிரேக்கு போட முடியுங்களா?"

தனக்கொடி சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எழுந்து கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"வண்டி இங்க நிக்கட்டும். நீங்க பஸ்ஸுல மேல போங்க. நாளைக்குக் காலையில சம்சாரத்துக்குப் பக்கத்துல உக்காந்து பஸ்ஸுல இறங்கி வாங்க."

"நானா? பஸ்ஸுலயா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்."

"இறங்கி வந்தா?"

"வந்து நின்னு, பின்னாடிக்கும் டிஸ்க் போடுன்னு சொல்லுங்க. மறு பேச்சு இல்லாம போட்டுத் தரேன்."

"நெசமா?"

"நெசமா."

செம்மலை சாவியைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவருடைய ஆட்காட்டி விரல் சுற்றிக்கொண்டிருந்தது.

*

மறுநாள் காலை ஆறரை மணி பஸ். மலை மேல் நிறுத்தத்தில் கண்டக்டர் அவரைப் பார்த்ததும் கதவை விட்டு விலகி வழி விட்டார்.

"வாங்கண்ணா வாங்க. உங்க வண்டியில ஏற ஆளில்லைன்னு கேள்விப்பட்டேன். நீங்களுமா?"

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அத்தாயி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் மிளகுக் கூடை. கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சாண் நகர்ந்து இடம் விட்டார்.

"வண்டிக்கு என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. பட்டறையில நிக்குது."

"நிக்குதா?" என்றார் அத்தாயி. "நல்லது."

பஸ் கிளம்பியது. எழுபதாவது வளைவுக்கு முன்பே டிரைவர் கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் தடதடத்தன. பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகே கத்த வேண்டும்.

செம்மலையின் வலது கால் தானாகப் பலகையை மிதித்தது.

அடுத்த வளைவிலும் மிதித்தது. இல்லாத பெடலை ஒவ்வொரு வளைவுக்கும் மிதித்துக்கொண்டே வந்தார். எட்டி டிரைவரின் காலைப் பார்த்தார். அது பெடலுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. வளைவின் வாயில் ஒரு தரம் தொடும். மறுபடியும் சும்மா இருக்கும்.

நடந்து போகிறவன்கூட முந்திவிடுவான்போல் இருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. மிதக்க விட்டிருந்தால் இந்நேரம் நாற்பதைத் தாண்டியிருக்கலாம் என்று நினைத்தார். சட்டைப் பொத்தானைத் திருகினார். மணி பார்த்தார். முன் இருக்கையில் இருந்தவரின் வழுக்கையைப் பார்த்தார். மறுபடியும் மணி பார்த்தார்.

அத்தாயியிடம் ஏதோ கேட்கத் திரும்பினார்.

தூங்கிக்கொண்டிருந்தார்.

எப்போது தூங்கினார் என்று தெரியவில்லை. தலை ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து எழுந்தது. கைகள் கூடையின் மேல் தளர்ந்து கிடந்தன. அந்தச் சத்தத்தில், அந்தக் குலுக்கலில், வீட்டில் பாயில் படுத்திருப்பவரைப்போல் தூங்கினார்.

முப்பத்தெட்டாவது வளைவு வந்தது. மலைச்சுவரில் தம் வண்டியின் பச்சைப் பெயின்ட் ஆள் நீளத்துக்கு இழுபட்டிருப்பதைச் செம்மலை பார்த்தார். அத்தாயி அதையும் தூங்கியபடி கடந்தார்.

இருபத்தொன்றாவது வளைவில் ஒரு லாரி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடியும் பின்னால் போனது. பஸ் டிரைவர் வளைவுக்கு மேலேயே நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார்.

திடீரென்று ஒரு சத்தமும் இல்லை.

அத்தாயி உதறிக்கொண்டு விழித்தார். இரண்டு கைகளும் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துவிட்டன. கூடை சரிந்து மிளகு சிதறியது. அவர் அதைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு மரத்தைப் பார்த்தார். அது நகர்கிறதா என்று பார்த்தார்.

மரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நிக்குதா?" என்றார்.

"நிக்குது. எதிர்ல லாரி திரும்புது."

அத்தாயி மூச்சு விட்டார். கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

செம்மலை அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிடி அவருக்குப் புதிது அல்ல. தம் வண்டி சத்தமடங்கி மிதக்கும்போதெல்லாம் அதன் முன் கம்பியில் பத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறார். மலை என்றால் அவளுக்குப் பயம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

இல்லாத பெடலை மிதித்துவந்த அவருடைய கால் நின்றிருந்தது.

"அத்தாயி."

"ம்."

"அன்னைக்கு பிரேக்கு தானாப் போகல."

அத்தாயி குனிந்து மிளகைப் பொறுக்கத் தொடங்கினார்.

"நான் மிதக்க விட்டேன். நாப்பத்தொம்பதுல இருந்து."

பஸ் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். முன் இருக்கை வழுக்கைத் தலையும் பாதி திரும்பியது.

"அம்பத்தி மூணு" என்றார் அத்தாயி, குனிந்தபடியே.

"என்ன?"

"அம்பத்தி மூணுல இருந்து."

செம்மலையும் குனிந்து காலடியில் கிடந்த மிளகைப் பொறுக்கினார்.

"ஆமா" என்றார். "அம்பத்தி மூணு."

லாரி திரும்பி மேலே போனது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பி, கியரைப் போட்டு, பஸ்ஸை வளைவுக்குள் இறக்கினார். மறுபடியும் அதே அலறல். அத்தாயி கூடையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். செம்மலைக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார்.

அத்தாயி கத்தினார்:

"நாளைக்கு நம்ம வண்டியில எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"